விடுதலைப் பத்திரம்

கைப்பையைத் திறந்து காட்டினேன்.
காவலுக்கு நின்ற பெண் விரலால் துழாவினாள்:
சீப்பு, சில்லறை, ஆதார் அட்டை,
பாஸ்போர்ட் அளவில் நான் நான்கு பேர்.
"போன் உள்ள கூடாதுக்கா."
செருப்புக்கு ஒரு சீட்டு, போனுக்கு ஒரு சீட்டு.
இரண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

பன்னிரண்டு மணிக்குப் பத்திர ஆபீசில் டோக்கன்.
"சாமிய கும்பிட்டு வெரசா வா" என்றான் தவசி.
மேலமாசி வீதி ஓரமாய்க் காரை நிறுத்தி
இரண்டு அண்ணன்களும் இருக்கிறார்கள்.
எழுதி முடித்தாயிற்று. வாசித்தும் பார்த்தேன்.
பவுன்தாய் ஆகிய நான்
யாருடைய தூண்டுதலும் இன்றி
முழு மனதுடன்
செக்கானூரணிக் காட்டில் எனக்குள்ள பாத்தியதையை...
கிணறும் புளியமரமும் சேர்த்து
எண்பத்திரண்டு சென்ட்.
விடுதலைப் பத்திரம் என்று அதற்குப் பெயர்.
விடுதலை யாருக்கு என்று
எழுதியவரிடம் கேட்டேன்.
அவர் என்னிடம் இன்ஷியல் கேட்டார்:
அப்பாவுடையதா, வீட்டுக்காரருடையதா?

பொது வரிசை.
யாரோ ஒருத்தியின் கைக்குழந்தை
என் தோளில் பிஸ்கட்டைத் தேய்த்துக்கொண்டே வந்தது.
நூறு ரூபாய் வரிசை எங்களைத் தாண்டிப் போனது.
அம்மன் முன்னால் எனக்குக் கிடைத்தது
ஒரு தீபாராதனையில் பாதி.
கிளி தெரிந்தது. மூக்குத்தி தெரிந்தது.
முகம் தெரியுமுன் "நகருங்க, நகருங்க."
கேட்க வந்ததைக் கேட்கவில்லை.
என்ன கேட்க வந்தேன் என்பதும்
வரிசையோடு நகர்ந்துவிட்டது.

கம்பத்தடி மண்டபம்.
அந்தத் தூண்.
நடுவில் அவள், தலை குனிந்து.
ஒரு பக்கம் மாப்பிள்ளை.
மறுபக்கம் கெண்டியைச் சாய்த்தபடி
பெருமாள், பெண்ணுக்கு அண்ணன்.
கல்யாணப் பத்திரிகையில், காலண்டரில், நகைக்கடைப் பையில்
ஆயிரம் தடவை பார்த்ததுதான்.
இன்றைக்குக் கெண்டியை மட்டும் பார்த்தேன்.
தாரை வார்ப்பது.
பெண்ணைக் கொடுப்பதற்கும் அந்த வார்த்தைதான்,
சொத்து கைவிட்டுப் போவதற்கும் அந்த வார்த்தைதான்.
எனக்கு வார்த்தது தவசி அண்ணன்.
பித்தளைச் செம்பு. கை நடுங்கியது; அழுதான்.
அது பொய்யில்லை.
பதினைந்து பவுன் போட்டார்கள். அதுவும் பொய்யில்லை,
பத்திரத்தில் இருக்கிறது, இரண்டாம் பக்கம்.

ஆனால் இவளுக்குக் கல்யாணம் பிறகுதானே?
முதலில் பட்டம்.
அப்பன் மகளுக்குக் கட்டிய பட்டம்.
வருசா வருசம் சித்திரையில் செங்கோல் வாங்குகிறாள்,
ஆவணியில்தான் சுவாமி கைக்குப் போகிறது.
விரல் விட்டு எண்ணினேன்.
ஆனி பிறந்து ஒன்பது நாள்.
இன்னும் அவள் ஆட்சிதான்.

பொற்றாமரைக் குளத்துப் படியில் போய் உட்கார்ந்தேன்.
மணி பார்க்கக் கையில் எதுவுமில்லை.
யாரிடமும் கேட்கவுமில்லை.
தண்ணீருக்கு நடுவில் நின்ற தாமரை
நிஜமாகவே தங்கமா என்று
ஒரு பையன் கேட்டுக்கொண்டே இருந்தான்.
அவன் அம்மா முறுக்கு உடைத்துக் கொடுத்தாள்.
குங்குமம் என் விரலிலேயே உலர்ந்தது.
"நடை சாத்தப் போறாங்க, கெளம்புங்க" என்று
ஒருவர் கையைத் தட்டி விரட்டியபோதுதான் எழுந்தேன்.

கிழக்கு வாசல். இரண்டு சீட்டையும் அவிழ்த்துக் கொடுத்தேன்.
பதினோரு மிஸ்டு கால்.
பன்னிரண்டாவது, கையில் வாங்கும்போதே அடித்தது.
"எங்கதான் இருக்க நீ?"
செருப்பு காலில் இருந்தது.
"செருப்ப வடக்கு வாசல்ல விட்டுட்டேண்ணே" என்றேன்.
"சுத்தித்தான் வரணும்."

வைத்துவிட்டு, என்னவோ தோன்றி,
செருப்பைக் கழற்றிப் பைக்குள் திணித்தேன்,
ஆதார் அட்டைக்கு மேல்.
சித்திரை வீதிக் கல் கொதித்தது.
வடக்குப் பக்கம் திரும்பி
மெதுவாக நடக்க ஆரம்பித்தேன்.